தடைக்காலத்துக் குண்டு

என் வீட்டுக்காரர் கடலில் இருந்தால் எனக்கு ஒரே ஒரு கவலை. கரையில் இருந்தால் ஒன்பது. வருடத்தில் பத்து மாதம் அந்த ஒற்றைக் கவலையோடு நான் நிம்மதியாகத்தான் இருப்பேன். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை தொடங்கி, காசிமேட்டு விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக்கிடக்கும் அந்த அறுபத்தோரு நாள்தான் எனக்குக் கண்டம். முதல் வாரம் ஜெகதீசன் தூங்குவார். இரண்டாவது வாரம் வலையைப் பழுது பார்ப்பார். மூன்றாவது வாரம் என் பிழைப்பில் மூக்கை நுழைப்பார்.

என் பிழைப்பு பலூன் சுடும் கடை. திருவிழா, பொருட்காட்சி எங்கே நடந்தாலும் கன்னியம்மா கடை அங்கே இருக்கும். மே மாதம் என்றால் திருவொற்றியூரில் மைதானம். பின்னால் ராட்டினம், இடது பக்கம் மிளகாய் பஜ்ஜி, வலது பக்கம் பச்சை குத்துபவர். நடுவில் நான், ஒரு பழைய ஏர்கன், ஒரு மரப்பலகை, பலகை நிறைய பலூன். பத்துக் குண்டில் நாலு பலூன் உடைத்தால் சீப்பு, ஆறு உடைத்தால் சோப்பு டப்பா, எட்டு உடைத்தால் எவர்சில்வர் டம்ளர். பத்துக்குப் பத்து உடைத்தால், மேலே சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்குகிற ஐந்து லிட்டர் குக்கர்.

அந்தக் குக்கர் ஆறு வருடமாகத் தொங்குகிறது. சரியாகச் சொல்வதென்றால் அதன் அட்டைப்பெட்டி தொங்குகிறது. வாங்கிய புதிதிலேயே எங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடி உடைந்துபோக, ரெண்டு நாளைக்கு என்று சொல்லி உள்ளே இருந்ததை எடுத்தேன். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. காற்றில் பெட்டி ஆடாமலிருக்க உள்ளே ஒரு செங்கல் வைத்தேன். எங்கள் வீட்டில் சோறு அதில்தான் வேகிறது, ஜெகதீசனும் அது தெரிந்தேதான் சாப்பிடுகிறார். பத்துக்குப் பத்து எவன் சுடப்போகிறான் என்ற தைரியம்தான்.

அந்தத் தைரியத்தைக் கொடுத்தது குண்டு. ஏர்கன் குண்டு பச்சைப் பயறளவுதான் இருக்கும். மேலே தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே பாவாடை மாதிரி விரிந்து உள்ளே குழிவாக இருக்கும் ஈயம். நான் வாங்குவது டப்பாக் குண்டு, மலிவுச் சரக்கு. ஒன்றுக்குப் பாவாடை நசுங்கியிருக்கும், ஒன்றுக்குத் தலை கோணியிருக்கும். ஒரு குண்டு இடது பக்கம் போகும், அடுத்தது வலது பக்கம் போகும், மூன்றாவது பஜ்ஜிக்கடைக்காரரை விசாரித்துவிட்டு வரும். சுடுகிறவன் நாலு உடைத்து ஆறு தவற விடுவான். துப்பாக்கியைத் திட்டுவான், காற்றைத் திட்டுவான், கூட வந்த மச்சானைத் திட்டுவான், "இன்னொரு வாட்டி குடுக்கா" என்பான். நான் யாரையும் ஏமாற்றவில்லை. டப்பாவில் வந்ததைப் போட்டேன், அவ்வளவுதான்.

இந்த மே மாதம், தடையின் மூன்றாவது வாரத்தில், ஜெகதீசன் அந்த டப்பாவைக் கையில் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னாமே இது, குண்டா? எலி கடிச்சுப் போட்ட மாரி கீது."

"பலூன் ஒடையுதா இல்லையா? வெய்யி கீழ."

"இத்தப் போட்டுச் சுட்டா எவனுக்குமே பட்னு வராது. நான் செஞ்சு தரேன் பாரு."

ஈயம் எங்கள் வீட்டில் புதிய பொருள் இல்லை. வலை அடியில் அமிழ வேண்டும் என்றால் அதன் விளிம்பில் ஈயம் கோக்க வேண்டும். பழைய வலைகளிலிருந்து கழற்றிய ஈயக்குண்டு அரை மூட்டை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதை உருக்கி வார்ப்பதில் காசிமேட்டிலேயே ஜெகதீசன் கைக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். மறுத்தாலும் அவர் விட மாட்டார்.

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தோஸ்து நெல்சனிடம் நாலு நாள் உட்கார்ந்து ஒரு அச்சு கடைந்துகொண்டு வந்தார். ஒன்றோடொன்று பொருந்துகிற இரண்டு பித்தளைக் கட்டி. உள்ளே நாலு குண்டின் குழி. பாவாடைக்குள் குழிவு விழுவதற்காக ஒவ்வொரு குழிக்கும் அடியிலிருந்து ஒரு சின்ன முளை. இதையெல்லாம் எனக்கு ராத்திரிச் சோற்றுக்கு நடுவில் விளக்கினார். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கினார். எங்கள் மகள் சௌமியா அவருக்கு முகமூடி போட்டுவிட்டு, "நைனா, காத்து வர்ற பக்கமா நில்லு, ஈயப் பொகை ஒடம்புக்கு ஆவாது, சோப்பு போட்டுக் கை கழுவாம எதையும் தொடாதே" என்று நர்ஸ் மாதிரி சட்டம் போட்டாள். மேலே மிதக்கும் கசடை ஒதுக்கினார். அச்சில் ஊற்றினார், தட்டினார், திறந்தார். முதல் ஐம்பது குண்டு பாதிப் பாவாடையோடு பிறந்தன. அச்சு இன்னும் சூடேறவில்லையாம். திரும்பக் கரண்டியில் போட்டார். அடுத்ததில் வால் நீட்டிக்கொண்டிருந்தது. நகவெட்டியால் நறுக்கினார். என் நகவெட்டி.

கீழ் வீட்டுத் தேசம்மா மாடிப்படியில் ஏறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். தேசம்மா காலையில் மீன் விற்பாள், மதியத்துக்கு மேல் செய்தி விற்பாள். எங்கள் தெருவில் எவர் வீட்டில் என்ன வேகிறது என்பது அடுப்புக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"இன்னா கன்னியம்மா, ஆம்பள கடலுக்குப் போலன்னா மாடில ஃபேக்டரி வெச்சிடுவாரா?"

"ஏன், உனுக்கும் ரெண்டு வேணுமா? உன் வாய்க்கு ஒண்ணு பத்தாது" என்றேன். எனக்கு யார்மேல் கோபம் வந்தாலும் பக்கத்தில் நிற்பவர்மேல்தான் விழும்.

வார்த்ததோடு விட்டாரா என்றால், இல்லை. நகைக்கடையில் வைத்திருப்பது போல உள்ளங்கையளவு மின்தராசு ஒன்று ஆர்டர் போட்டு வரவழைத்து, ஒவ்வொரு குண்டாக நிறுத்தார். மயிரிழை கூடினாலும் கரண்டிக்குள். மயிரிழை குறைந்தாலும் கரண்டிக்குள். பத்தில் மூன்றுதான் தேறும்.

"யோவ், பலூன் சுடுறதுக்கு எதுக்குய்யா தராசு?"

"ஒரு ஈயம் எடை கொறஞ்சாலும் வலை ஒரு பக்கமா தூக்கிக்கும்மே. அந்தப் பக்கமா மீனு பூடும். அல்லாம் ஒரே எடையா இருக்கணும். இது எங்கப்பன் காலத்துச் சட்டம்."

"இது வலையாய்யா?"

"ஈயம் ஈயந்தானே."

குண்டுகள் என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒரே அச்சு, ஒரே எடை, வரிசையாக வைத்தால் எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. போட்டுப் பார்த்தேன். அன்றே என் வியாபாரம் படுத்தது. என் துப்பாக்கிக்கு இடது பக்கமாக இழுக்கிற குணம் உண்டு. டப்பாக் குண்டு கண்டபடி அலைந்ததில் அது யாருக்கும் தெரியாமலிருந்தது. இவர் குண்டு அலையவில்லை. நாலு சுட்டதும் வாடிக்கைக்காரனுக்குப் பிடிபட்டுவிடும். சற்று வலது பக்கம் பார்த்துச் சுட்டு ஏழு உடைப்பான், எட்டு உடைப்பான், டம்ளரை வாங்கிக்கொண்டு, "சூப்பர்க்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான். திரும்ப வர மாட்டான். ஜெயித்தவன் எதற்குத் திரும்பி வருகிறான்? நான் பலூன் ஊதி ஊதிக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். அவரோ கடை ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பலூன் வெடிக்கும்போதெல்லாம் தானே சுட்டது மாதிரி சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார். அந்த மூஞ்சியைப் பார்த்தால் நிறுத்து என்று சொல்லவும் மனசு வரவில்லை. பழைய டப்பாவைப் பலகைக்கு அடியில் பத்திரமாக ஒளித்து வைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் சௌமியாவின் கல்யாணப் பேச்சு.

சௌமியா மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் செங்குட்டுவனைப் பிடித்துவிட்டது. தங்கமான பையன். வியாசர்பாடி. அவர்கள் வீட்டு ஹாலில் புத்தர் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லையம்மன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை, எங்கள் தெருவுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஜெகதீசன், "புள்ள குடிக்கிறானா? இல்ல. அப்புறம் இன்னா?" என்று முடித்துவிட்டார். எனக்கும் பையனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பயம் எல்லாம் சாதி பேசும் தெருவைப் பற்றித்தான். பையனின் அம்மா எழில்மொழி எங்களைப் பார்க்க வர வேண்டும் என்று சொன்னதும் என் வாயிலிருந்து தானாக வந்தது, "வூட்ல வெள்ளையடிக்கிறோம், எல்லாம் கலீஜா கீது, கடைப் பக்கம் வரச் சொல்லு" என்று. எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது.

சௌமியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மா, ஒண்ணு மட்டும் சொல்றேன். அத்தை எதையும் தாங்குவாங்க. பொய் மட்டும் ஆவாது. செங்குட்டுவனுக்கு முன்னாடி ஒரு எடத்துல பாத்தாங்க, வயச ரெண்டு கொறச்சுச் சொன்னாங்கன்னு எழுந்து வந்துட்டாங்க. உன் வாய வெச்சிகினு கொஞ்சம் சும்மா இரு. இது என் வாழ்க்கைமா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா லட்சுமணனுக்கு அன்று டூட்டியாம். செங்குட்டுவனும் அம்மாவும்தான். எழில்மொழிக்கு என் வயசு இருக்கும். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் முப்பது வருடமாகத் தையல்காரி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு மடிப்பு கோணவில்லை. எனக்கு உடனே என் முந்தானை ஞாபகம் வந்து இழுத்துச் சரிசெய்துகொண்டேன். ஜெகதீசன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பஜ்ஜி வந்தது. காபி வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு எல்லாரும் ராட்டினத்தைப் பார்த்தோம்.

"நான் ஒரு வாட்டி சுட்டுப் பாக்கட்டா?" என்றாள் எழில்மொழி.

"தாராளமா!" என்று ஜெகதீசன் எழுந்தே விட்டார். "சம்பந்திமா, நம்ம குண்டு. நானே வார்த்தது."

எங்கள் கடையில் பழகுவதற்கு மூன்று குண்டு இனாம். எழில்மொழி அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கட்டையைத் தோளில் வைக்க செங்குட்டுவன் சொல்லிக்கொடுத்தான். முதல் குண்டு பலூனுக்கு இடது பக்கம் இரண்டு விரல் தள்ளிப் பலகையில் பட்டது. இரண்டாவது, அதே இடத்தில். மூன்றாவது, அதே ஓட்டையில். அவள் துப்பாக்கியை இறக்கி, மூக்குக்கண்ணாடியைத் தள்ளி வைத்துக்கொண்டு பலகையை உற்றுப் பார்த்தாள்.

"கம்பெனில என் மெஷினும் இப்படித்தான் கன்னியம்மா அக்கா, எப்பவும் லெஃப்ட்ல இழுக்கும். இழுத்தா இழுத்துகினு போவட்டும். ஒரே மாரி இழுத்தா நாம அதுக்குத் தகுந்த மாரி துணியப் புடிச்சிக்கலாம். அதாலயே முப்பது வருசம் நேர் தையல் போட்டுகினு கீறேன்."

நான் மேலே சிவப்பு ரிப்பனை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

முதல் பலூன் வெடித்தது. இரண்டாவது வெடித்தது. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை மடக்கி, ஜெகதீசன் குண்டு ஒன்றை எடுத்து, வைத்து, நிமிர்த்திக் கொடுப்பவள் நான்தான். மூன்று. நாலு. அவளுக்கு அவசரமே இல்லை. மூச்சை இழுப்பாள், ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்குவாள், பட். ஐந்து. பஜ்ஜிக்கடையில் நின்றவர்கள் எண்ணெய்க் காகிதத்தோடு இந்தப் பக்கம் வந்தார்கள். ஆறு. பச்சை குத்துபவர் பாதி மயிலோடு ஒரு பையனின் கையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஏழு. எட்டு. "டம்ளர் வந்துடுச்சு, போதும்க்கா, கை வலிக்கப் போவுது" என்றேன். "வலிக்கல" என்றாள். ஒன்பது.

நாற்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லார் கண்ணும் மேலே சிவப்பு ரிப்பனைப் பார்த்தது. நான் கண்ணை மூடினால் செங்கல் தெரிந்தது. வயசில் இரண்டு குறைத்ததற்கே எழுந்து போனவள், செங்கல்லைப் பார்த்தால் என்ன செய்வாள்? என் மகள் அங்கே செங்குட்டுவன் பக்கத்தில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் ஞாபகம் வரும். என் கை பலகைக்கு அடியில் போனது. டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே நசுங்கிய ஒன்றைத் தேடி எடுத்து, துப்பாக்கியில் வைத்து நிமிர்த்திவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

பத்தாவது குண்டு விர்ரென்று வலது பக்கம் விலகிப்போய், ஓரத்தில் தொங்கிய சோப்பு டப்பாவைத் துளைத்து அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் "அடடா" என்றது. எழில்மொழி சிரித்துக்கொண்டே துப்பாக்கியை இறக்கினாள். "பரவால்ல, ஒம்போது வந்துச்சே."

"ஒம்போதே பெரிய விசயம்க்கா! இந்தாங்க டம்ளர், சீப்பு, எல்லாம் எடுத்துக்குங்க" என்று நான் படபடவென்று அள்ளினேன். உயிர் வந்த சந்தோஷம் எனக்கு. அவள் கிளம்பத் திரும்பினாள்.

"நில்லுங்க."

ஜெகதீசன். முகம் கறுத்துவிட்டது. "அது எங்குண்டு இல்ல."

"யோவ், உக்காருய்யா."

"எங்குண்டு அப்டிப் போவாது கன்னியம்மா! இத்தினி நேரம் எங்க போச்சு? எல்லாம் ஒரே ஓட்டைல போச்சு. இது மட்டும் எப்டி சோப்பு டப்பாவுக்குப் போவும்?"

அந்த மனுஷன் பலகைக்கு மேல் சாய்ந்து சோப்பு டப்பாவைக் கழற்றி, குலுக்கிக் குண்டை உள்ளங்கையில் விழவைத்தார். கூட்டத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "பாருங்க. பாவாட எப்டி நசுங்கிக் கீது. இது கடைல வாங்குற டப்பாக் குண்டு. எப்டி இதுல கலந்துச்சோ தெரில. சம்பந்திமா, நீங்க தப்பா சுடல, எங்குண்டும் தப்பா போவல. இந்தாங்க." சட்டைப் பையிலிருந்து தன் குண்டு ஒன்றை எடுத்து, தன் கையாலேயே வைத்து, துப்பாக்கியை நிமிர்த்திக் கொடுத்தார். கடலில் அலைக்கு அஞ்சாத மனுஷன்தான். கரையில் ஒரு பச்சைப் பயறளவு ஈயத்தின் மானம் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

பட்.

கூட்டம் விசில் அடித்தது. ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். ஜெகதீசன் இரண்டு கையையும் தூக்கி, ஒரு சுற்று சுற்றி, அப்படியே மேலே ரிப்பனைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூக்கிய கை இரண்டும் மெதுவாகத் தலையில் வந்து உட்கார்ந்தன.

செங்குட்டுவன் உயரமான பையன். எட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டான். "நல்ல வெயிட்டு மா" என்று அம்மாவிடம் நீட்டினான். எழில்மொழி ரிப்பனில் கை வைத்தாள். சௌமியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என்னுள் ஏதோ ஒன்று போதும் என்றது.

"தெறக்காதீங்கக்கா. நான் சொல்லிடுறேன்."

சொல்லிவிட்டேன். நாற்பது பேருக்கு நடுவில், எல்லாவற்றையும். ஆறு வருடமாக உள்ளே குக்கர் இல்லை, செங்கல்தான் என்று சொன்னேன். பத்தாவதாக டப்பாக் குண்டை வைத்தது நான்தான், தெரிந்தே வைத்தேன் என்று சொன்னேன். என் பொண்ணுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, கோபம் என்றால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகியது. எனக்கு அழுகை வந்தால் முதலில் மூக்குதான் ஒழுகும்.

எழில்மொழி ரிப்பனை அவிழ்த்தாள். பெட்டியைத் திறந்தாள். செங்கல்லை வெளியே எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல செங்கல்தான்" என்றாள். "குக்கர் எங்க கீது?"

"வூட்ல. அடுப்பு மேல."

"நான் ஜெயிச்சது தானே?"

"ஆமாக்கா."

"அப்போ வூட்டுக்குப் போய் எடுத்துக்கலாம். வா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லக்கா, வூட்ல வெள்ளை..." என்று ஆரம்பித்துவிட்டேன். பழக்கதோஷம்.

அவள் கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுவும் செங்கல் தானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சௌமியா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெள்ளையடிக்கவில்லை என்று எழில்மொழிக்கு வரும்போதே தெரிந்திருக்கிறது. எதற்காக அப்படிச் சொன்னேன் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வந்து உட்கார்ந்து, என் பஜ்ஜியைத் தின்று, என் துப்பாக்கியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதை நினைத்தபோது செங்கல்லுக்குப் பட்டதைவிட அதிக வெட்கம் பட்டேன்.

கடையை ஜெகதீசனிடம் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். காலிப் பெட்டியை எழில்மொழி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர், "குக்கரு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டதற்கு, "பத்துக் குண்டு" என்றாள். என் வாழ்நாளில் அதுதான் மிக நீண்ட ஷேர் ஆட்டோ பயணம்.

எங்கள் தெருமுனையில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. தடைக்காலம் என்பதால் தெருவில் எல்லா ஆண்களும் இருந்தார்கள், வாசலில் வலையை விரித்துப் போட்டுக்கொண்டு. எல்லாப் பெண்களும் இருந்தார்கள், பூண்டு உரித்துக்கொண்டு, தலை பின்னிக்கொண்டு. நாங்கள் நடக்க நடக்க ஒவ்வொரு வாசலிலும் கை நின்றது. தேசம்மா சரியாக மாடிப்படிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். செங்குட்டுவனை மேலிருந்து கீழ் பார்த்தாள், எழில்மொழியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னா கன்னியம்மா, யாரு இவங்கோ? குக்கர் கம்பெனிக்காரங்களா?"

எவ்வளவு சுலபம்! அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம், சர்வீசுக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடலாம். பெட்டிகூடச் சாட்சிக்கு இருக்கிறது. நாக்கு நுனியில் அந்த "ஆமா" வந்து நின்றதை நான் உணர்ந்தேன். எழில்மொழி என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல தேசம்மா" என்றேன். எனக்கே அது சத்தமாகத்தான் கேட்டது. "நம்ம சௌமியாவக் கட்டப்போற புள்ள இவுரு. இவங்க எங்க சம்பந்திமா. வியாசர்பாடிலேந்து வந்துகீறாங்க."

தெருவில் கொஞ்ச நேரம் ஒரு பூண்டுகூட உரியவில்லை. தேசம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைப் படியிலிருந்து நகர்த்தி வழி விட்டாள்.

எழில்மொழி பெட்டியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

"ரெண்டாவதுக்கா."

"குக்கர்ல இன்னா கீது இப்போ?"

"மத்தியானம் வெச்ச சோறு. தண்ணி ஊத்தி வெச்சிகீறேன்."

"மீனு?"

"வஞ்சிரம் இல்லக்கா, தடைல ஏது வஞ்சிரம். நெத்திலிக் கருவாடு கீது."

"அது போதும். சாப்ட்டு முடிச்சாத்தானே குக்கர் காலியாவும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அவளே படியேறிப் போனாள்.